மெர்சி டீச்சரின் சனிக்கிழமை யுத்தம்

மெர்சி டீச்சர் போய்விட்டார் என்ற செய்தியை எனக்குச் சொன்னவர், அவருடைய வகுப்பைப் பூட்டியவரேதான். பலமனேரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டுச் சித்தூர் பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தேன். சபையின் வாட்ஸ்அப் குழுவில் செயலாளர் சாம்சன் போட்டிருந்தார்: ‘நம் அனைவரின் பேரன்புக்கும் உரிய மெர்சி டீச்சர் அம்மா இன்று காலை திருப்பதியில் மகிமைக்குள் பிரவேசித்தார்.’ கீழே வரிசையாகக் கைகூப்பல்கள், புறாக்கள், ரோஜாப்பூக்கள். பேரன்புக்கு உரியவராம்! பஸ் ஸ்டாண்டிலேயே வாய்விட்டுத் திட்டிவிட்டேன். பக்கத்தில் தக்காளிக் கூடையோடு இருந்த அம்மாள் பயந்துபோய், “ஏமைந்தி அம்மா?” என்று, என்ன ஆச்சு என்று தெலுங்கில் கேட்டாள். தெரிந்தவர் ஒருவர் இறந்துவிட்டார் என்றேன். சொந்தமா என்றாள். இல்லை, சண்டைக்காரி என்றேன். அவள் கூடையை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

சபைப் பத்திரிகைக்கு அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். ‘நல்லதாக நாலு வார்த்தை’ என்று சொல்லி அனுப்பினார்கள். இதை அவர்கள் போட மாட்டார்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன். போடாவிட்டால் நானே ஜெராக்ஸ் எடுத்து, ஆராதனை முடிந்து நீங்கள் வெளியே வரும்போது ஆளுக்கொன்று கையில் திணிப்பேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மெர்சி டீச்சரும் நானும் தோழிகள் இல்லை. ஒரே பள்ளிக்கூடத்தில், அடுத்தடுத்த வகுப்பறையில், ஓய்வு பெறும்வரை இருந்தோம். அவர் சோஷியல், நான் கணக்கு. ஒருநாள் யூனிட் டெஸ்ட் நடத்திக்கொண்டிருக்கிறேன், என் வகுப்பு திடீரென்று இருட்டிக்கொண்டு வந்தது. பார்த்தால், ஜன்னலுக்கு வெளியே அவருடைய ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பெஞ்சு போட்டு ஏறி, கண்ணாடியில் பசை தடவிக் கறுப்புக் காகிதம் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். “இன்னாடி இது?” என்று கத்தினேன். “ஏரோப்ளேன் வருது டீச்சர். வெளிச்சம் தெரிஞ்சா குண்டு போட்டுடுவான்” என்றாள் ஒருத்தி, முகத்தை வெகு தீவிரமாக வைத்துக்கொண்டு. மெர்சி டீச்சர் வாசலில் வந்து நின்றார். மன்னிப்புக் கேட்பார் என்று பார்த்தேன். “அஞ்சு நிமிஷம் இருட்டுல உக்காருங்க ரூத்து. யுத்தத்துல ஜனங்க ராத்திரி பூரா இப்டித்தான் உக்காந்துக்கினு இருந்தாங்க” என்றார். என் பிள்ளைகள் பாதிப் பேர் அந்தப் பரீட்சையில் கோட்டை விட்டார்கள். அந்தப் பசை, பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடிக்கும்வரை என் ஜன்னலில் இருந்தது.

இப்படித்தான் அந்த அம்மாள். யார் வேலையில் மூக்கை நுழைக்கிறோம் என்ற யோசனையே கிடையாது. தப்பைச் சபை நடுவில் எழுந்து சொல்வார். சரியைத் தனியாகக் கூடச் சொல்ல மாட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஓய்வு பெற்றபின் அவருக்கென்று மிஞ்சியது ஒன்றே ஒன்றுதான். சபை மண்டபத்தின் பக்கத்து அறையில், சனிக்கிழமை காலையில், சபைப் பிள்ளைகளுக்கு அவர் நடத்திய வகுப்பு. பிள்ளைகள் அதற்கு ‘யுத்த வகுப்பு’ என்று பேர் வைத்தார்கள். அந்த வகுப்பு இருந்தால்தான் அவருக்கு வாரம் என்று ஒன்று இருந்தது. இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் வீட்டுப் பிள்ளைகள் அங்கே உட்கார்ந்து வந்தவர்கள்தான்.

சித்தூரில் என்ன யுத்தம், இரண்டாம் உலக யுத்தத்தில் இங்கே குண்டு ஒன்றும் விழவில்லையே என்று நான் ஒருமுறை கேட்டேன். “யுத்தம் எங்க நடந்துச்சுன்னு புஸ்தகத்துலயே கீது. அடுப்புல இன்னா வெந்துச்சுன்னு அதுல இல்ல. அது புள்ளைங்க போய்க் கேட்டாத்தான் தெரியும்” என்றார். அவருக்கு ராஜாக்களும் தளபதிகளும் வேண்டாம். பர்மா அரிசி நின்றபோது இந்த ஊர் எதைத் தின்றது, கண்ட்ரோலில் அளந்து கொடுத்த துணியில் கல்யாணச் சேலை எப்படி எடுத்தார்கள், கிருஷ்ணாயில் கிடைக்காத வீட்டில் பிள்ளைகள் எதன் வெளிச்சத்தில் படித்தார்கள், குண்டுக்குப் பயந்து மதராஸிலிருந்து குடும்பம் குடும்பமாக ரயிலேறி இங்கே வந்தவர்களுக்கு யார் திண்டாடி இடம் கொடுத்தார்கள், யார் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினார்கள் — இவைதான் வேண்டும். மதராஸ்காரர்கள் வந்த பாடத்துக்குப் பிள்ளைகள் என் அலமாரியிலிருந்து பட்டுச்சேலையைக் கேட்காமல் எடுத்துப்போய் மூட்டை கட்டினார்கள். என் பேத்தியே எடுத்துக் கொடுத்திருக்கிறாள், கழுதை.

ஆரம்பத்தில் அவர் ‘ரேஷன் வாரம்’ என்று ஒன்று நடத்தினார். யுத்தகாலத்தில் வீட்டுக்குக் கிடைத்த அளவு அரிசியை வைத்தே ஒரு வாரம் முழுவதும் பிள்ளைகள் வீட்டில் சமைக்க வேண்டும். மீதிக்குக் கேழ்வரகு, சோளம். சர்க்கரை கிடையாது. நீங்கள் எல்லாரும் ஆஹா ஓஹோ என்றீர்கள். கூழ்க் கிண்ணத்தோடு பிள்ளைகளைப் போட்டோ எடுத்துக் குழுவில் போட்டீர்கள். அடுத்த சனிக்கிழமை பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து, எப்படி இருந்தது என்று சொன்னார்கள். ஒருத்திக்குத் தலை சுற்றியதாம், ஒருவன் பாட்டி வீட்டுக்குப் போய்த் திருட்டுத்தனமாகப் பூரி தின்றானாம். ஒரே சிரிப்பு. மாங்கூழ் ஃபேக்டரியில் மூட்டை தூக்குகிறவரின் மகள் ஷைலு முறை வந்தது. “எங்க வூட்ல ஒண்ணும் மாறல டீச்சர். எப்பவும் போலத்தான். அந்தே” என்றாள். அவ்வளவுதான் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். சபையின் பாட்டுக் கோரஸைப் பழக்கப் பக்கத்து மண்டபத்துக்கு வந்த நான், வாசலில் நின்று கேட்டேன். மெர்சி டீச்சர் அடுத்த பிள்ளையைக் கூப்பிடாமல் வகுப்பை அத்தோடு முடித்துவிட்டார்.

அன்று அவரை விட்டேனா? வராந்தாவில் நிறுத்தி வாங்கு வாங்கென்று வாங்கினேன். பட்டினியை விளையாட்டுச் சாமான் ஆக்கிவிட்டீர்களே, மற்ற பிள்ளைகள் ஒரு வாரம் வேஷம் போட்டுக் கழற்றிவிடுவார்கள், அந்தப் பெண் எதைக் கழற்றுவாள் என்று கேட்டேன். “நீங்க கணக்கு டீச்சர். கணக்கப் பாருங்க” என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போனார். ஆனால் அடுத்த சனிக்கிழமை ரேஷன் வாரம் போன இடம் தெரியவில்லை. பசித்த மாதிரி நடிக்க வேண்டாம், பசித்தவர்களிடம் போய்க் கேளுங்கள் என்று பிள்ளைகளை ஊருக்குள் அனுப்ப ஆரம்பித்தார். அந்த மாற்றம் என் சண்டையால் வந்தது. அதை அவர் சாகும்வரை ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் நானே இங்கே எழுதி வைக்கிறேன்.

கேள்வி கேட்பதற்கு அவர் வைத்த விதி ஒன்றுதான்: “தேதி கேக்காதீங்க, சாப்பாட்டக் கேளுங்க. தேதியக் கேட்டா பெரியவங்க பேப்பர்ல படிச்சதச் சொல்லுவாங்க. சாப்பாட்டக் கேட்டா அவங்க வூட்டுக்குள்ள பூடுவாங்க.” இதில் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டவள் ஷைலுதான். மற்ற பிள்ளைகள் என்ன சமைத்தீர்கள் என்று கேட்டுவிட்டு வருவார்கள். இவள், “கடைசியா துன்றது யாரு? அவங்களுக்கு இன்னா மிஞ்சும்?” என்று கேட்பாள். அப்படிக் கேட்க வேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

இப்போது பிடியரிசிக்கு வருகிறேன். நீங்கள் எல்லாரும் பதறுகிற இடம் அதுதானே. உலை வைக்கும்போது கர்த்தருக்கென்று ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் எடுத்துவைத்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுவருவது நம் பெண்களின் வழக்கம். இப்போது யாரும் அரிசி போடுவதில்லை, கவரில் நோட்டு வைக்கிறோம். ஆனாலும் பேர் பிடியரிசிதான். ‘யுத்தகாலப் பஞ்சத்திலும் பிடியரிசி நிற்காத சபை’ என்று மண்டபச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறோம். ஒரு சனிக்கிழமை பிள்ளைகள் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டுக் கேட்டார்கள்: அரிசியே இல்லாதபோது அந்தப் பிடி எங்கிருந்து வந்தது? சபையில் இருப்பவர்களிலேயே வயதானவர், சாம்சனின் அப்பா தாவீது ஐயா. மெர்சி டீச்சர் பிள்ளைகளை அவர் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போனார். போகிற வழியில் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பிள்ளைகள் ரோட்டைத் தாண்ட ஆள் வேண்டுமாம்.

தாவீது ஐயா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். ஈசி சேரில் சாய்ந்துகொண்டு, பிள்ளைகளைக் கண்டதும் உற்சாகமாகிவிட்டார். “எனக்கு அப்ப ஏழெட்டு வயசு. எங்க நைனா மிலிட்டிரி லாரி ஓட்றதுக்குப் பூட்டாரு. அம்மா மிஷன் ஆஸ்பத்திரியில துணி தோய்ச்சிக்கினு இருந்தாங்க. வூட்ல நானும் எங்க அக்காவும். கண்ட்ரோல் அரிசி, அதுல புழு நெளியும். அம்மா ஒரு பிடி எடுத்து பானையில போட்டுட்டு கண்ண மூடி ஜெபம் பண்ணுவாங்க. நான் கண்ண மூட மாட்டேன். எனக்கு அந்தப் பிடி மேலயேதான் கண்ணு. அவங்க வேலைக்குப் போனதும் பானையில கைய வுட்டு பச்சையாவே துன்னுடுவேன்.” பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும் சிரித்தார். “ஞாயித்துக்கெழம பாத்தா பானையில கொறையுது. அம்மா அக்காவப் போட்டு அடிச்சாங்க. நான் வாயத் தொறக்கல. அப்புறம் பானை கொறையவே இல்ல.”

“அப்ப துன்றத நிறுத்திட்டீங்களா தாத்தா?” என்று கேட்டாள் ஷைலு.

“நிறுத்தல.”

“அப்புறம் எப்டி கொறையாம இருந்துச்சு? யாரு போட்டாங்க?”

அவர் சிரிப்பு நின்றுபோனது. அந்தக் கேள்வியை அவரிடம் அதுவரை யாருமே கேட்டதில்லை என்று அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்தது. ஈசி சேரிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார்: “அக்காதான். ராத்திரி ஒல அவதான் வெப்பா. அவளுக்குண்டான அரிசிய பானையில போட்டுடுவா. துன்னுட்டேன், துன்னுட்டேன்னு சொல்லுவா. யுத்தம் முடியறதுக்குள்ளவே காய்ச்சல் வந்து செத்துப் பூட்டா. ஒடம்புல இன்னா இருந்துச்சு, காய்ச்சலத் தாங்கறதுக்கு?” ஷைலு அந்த அக்காவின் பேரைக் கேட்டாள். எலிசா என்றார். அத்தனை வயதான மனிதர் எங்கள் எல்லார் எதிரிலும் தேம்பித் தேம்பி அழுதார். மெர்சி டீச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன். அழுதுகொண்டேதான் கொண்டுவந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பிள்ளைகள் அதைச் சபையின் அறுவடை விழாவான அறுப்பின் பண்டிகையில் நாடகமாகப் போட வேண்டும் என்றார்கள். ஐயாவே சந்தோஷமாகச் சரி என்றார். கண் ஆபரேஷனுக்குப் பெங்களூர் போகிற வேலை மட்டும் இல்லாவிட்டால் தானே வந்து நடிப்பேன் என்றார். நான் மெர்சி டீச்சரிடம் தலையால் அடித்துக்கொண்டேன், சாம்சனிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்று. “அவரு வூட்டுக் கத அவருக்குத் தெரியாதா?” என்றார். தெரியாது! எந்த அப்பா பிள்ளையிடம் இதைச் சொல்வார்? இதுதான் அந்த அம்மாளுடைய பிடிவாதம். அவர் தலையில் அவரே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார் என்றால் அது அந்த இடத்தில்தான்.

நாடகம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பையன் பானையில் கைவிட்டபோது கைதட்டிச் சிரித்தீர்கள். அக்கா அடிவாங்கியபோதும் கொஞ்சம் சிரித்தீர்கள். தன் தட்டைக் கவிழ்த்துவைத்துவிட்டு, அக்காவாக நடித்த ஷைலு பானையில் அரிசியைப் போட்டபோது மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை. முடிவில் ஒரு பிள்ளை, ‘இது தாவீது தாத்தா வீட்டில் நடந்தது’ என்று சொன்னதும் சாம்சன் எழுந்தார். கர்த்தருடைய பங்கைத் திருடியது என் வீடா என்று கேட்டார். அப்பாவுக்கு வயதாகிவிட்டது, ஞாபகம் பிசகிவிட்டது, இந்த அம்மாள் வாயில் வார்த்தையைப் போட்டு வாங்கியிருக்கிறாள் என்றார். அவருக்கு வலித்திருக்கும், அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. வலித்தால் அப்பாவிடம் போய்க் கேட்டிருக்க வேண்டும். அவர் போனது பூட்டுக் கடைக்கு.

மறுவாரம் அந்த அறையில் பூட்டு தொங்கியது. பிள்ளைகளை அவரிடம் அனுப்பாதீர்கள் என்று வீடு வீடாகச் சொல்லப்பட்டது. நீங்களும் அனுப்பவில்லை. கூழ்க் கிண்ணத்தோடு போட்டோ போட்டவர்கள்தானே நீங்கள்? ஒருவராவது வாய் திறந்தீர்களா? தாவீது ஐயா ஊருக்குத் திரும்பி வந்தபின் அவரைக் கோயிலுக்கே கூட்டி வரவில்லை, உடம்பு முடியவில்லை என்று சொன்னார்கள். மெர்சி டீச்சர் சனிக்கிழமைகளில் குளித்து, இஸ்திரி போட்ட சேலை கட்டி, வந்து மண்டபத்து கேட்டருகே நின்றுவிட்டுப் போவார். நான் கோரஸ் பழக்கிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். எனக்கு அவர் மேல் பரிதாபம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இப்படி வந்து நிற்காதீர்கள், மானமில்லையா என்று கேட்டே விட்டேன். “மானம் இருந்து இன்னா பண்றது, புள்ளைங்க இல்லையே” என்றார்.

பிறகு சிறுநீரகம் கெட்டு, திருப்பதியில் இருக்கும் தம்பி வீட்டுக்கே போய்விட்டார். மொட்டை போட்டுச் சந்தனம் பூசிக்கொண்ட கூட்டத்தோடு பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்ப்பேன். “எதுக்கு வந்தீங்க?” என்பார். “இருக்கீங்களா இல்லையான்னு பாக்க” என்பேன். கொஞ்ச நேரம் காப்பி தண்ணியாக இருக்கிறது, நர்ஸு சத்தமாகப் பேசுகிறாள் என்று எல்லாரையும் திட்டுவார். அப்புறம் மெதுவாக, சனிக்கிழமை அந்த அறையில் என்ன நடக்கிறது என்று கேட்பார். ஷாமியானாவும் நாற்காலியும் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று ஒருநாள் உண்மையைச் சொன்னேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். “எனக்கு அந்த வகுப்பு வேணும் ரூத்து. வேற ஒண்ணும் வேணாம்” என்றார். அந்தக் குரலில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

அடுத்த முறை நான் இருக்கும்போதே சாம்சன் வந்தார், கையில் ஆப்பிள் பையோடு. நலம் விசாரித்தார், ஜெபம் பண்ணினார், பிறகு விஷயத்துக்கு வந்தார். “சிஸ்டர், கமிட்டி உங்கள மறக்கல. அப்பாவுக்கு ஞாபகம் தப்பிடுச்சு, நான் தப்பாப் புரிஞ்சிக்கினேன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. டிஸ்சார்ஜ் ஆயி வந்ததும் ரூமத் தொறந்து வுட்டுடறோம்.” மெர்சி டீச்சர் என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் ஆசை தெரிந்தது, பச்சையாகத் தெரிந்தது. சரி என்று சொல்லித் தொலையுங்கள் என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். ஒரு வார்த்தைதானே!

“சொல்றேன்” என்றார். “ஆனா கமிட்டிகிட்ட இல்ல. புள்ளைங்ககிட்ட சொல்றேன். அவங்கதான் போய்க் கேட்டுக்கினு வந்தாங்க. நான் சொன்னப்புறம் அவங்க இன்னா கேட்டாலும் நீங்க நின்னு பதில் சொல்லணும். சரியா?”

சாம்சன் ஆப்பிள் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். “புள்ளைங்க எதுக்கு சிஸ்டர் இதுல?” என்றார்.

“அவங்க வகுப்புங்க அது.”

அவர் போனபின், ஒரு ஆப்பிளை நறுக்கித் தரச் சொல்லி, தின்னக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தும் ஒரு துண்டு தின்றார். “நான் ஒத்துக்கினு இருக்கலாம், இல்ல?” என்று கேட்டார். இருந்திருக்கலாம்தான் என்றேன். பொய் சொல்லி ஆறுதல் சொல்லும் பழக்கம் எங்களுக்குள் இல்லை. அவர் அழுதார். பிறகு நான் ஆப்பிள் நறுக்கிய லட்சணத்தைக் குறை சொன்னார். அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது. அந்த அறை அவருக்குத் திறக்கவில்லை.

அடக்கத்துக்குச் சித்தூர் கொண்டுவந்தார்கள். அன்று வந்த கூட்டத்தைப் பார்க்க வேண்டுமே! உயிரோடு இருந்தபோது கேட்டருகே நின்றவரைக் கண்டும் காணாமல் போனவர்கள், மாலையும் கையுமாக முன்வரிசையில் நின்றீர்கள். கல்லறைத் தோட்டத்தில், பெட்டியைக் குழிக்குப் பக்கத்தில் வைத்தபின், சாம்சன் இரண்டு வார்த்தை பேசினார். இரண்டு வார்த்தையா அது? ‘யுத்தகாலப் பஞ்சத்திலும் எங்கள் குடும்பம் பிடியரிசி தவறாமல் கொடுத்த சாட்சியை, நம் சிறுபிள்ளைகளின் மனதில் பதித்த தாய்’ என்றார். அவர் பேரிலேயே அந்த வகுப்பை மறுபடி தொடங்கப்போகிறோம், தியாகத்தைச் சொல்லித்தரும் வகுப்பாக அது இருக்கும் என்றார். கூட்டம் ஆமென் சொன்னது. எனக்கு வாயில் நன்றாக வந்தது. பெட்டியைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

அப்போது பின்னால் ஒரு சலசலப்பு. தாவீது ஐயா வந்துகொண்டிருந்தார். யாரும் கூட்டிவரவில்லை, வீட்டில் யாருக்கும் சொல்லாமல் ஆட்டோ பிடித்து வந்திருக்கிறார். கூட்டம் வழிவிட்டது. பெட்டியருகே வந்து கோலை ஊன்றி நின்றார்.

“பொய் சொல்லாதடா” என்றார் மகனைப் பார்த்து. “நாம ஒண்ணும் குடுக்கல. நான் துன்னேன். அக்கா குடுத்தா, பட்டினி கெடந்து குடுத்தா. இந்த அம்மா என் வாயில ஒண்ணும் போடல. கேட்டுச்சு, நான் சொன்னேன்.”

“நைனா, வாங்க, வெயில்ல நிக்காதீங்க” என்று சாம்சன் அவர் தோளைப் பிடித்தார். ஐயா அசையவில்லை. அந்த நேரத்தில், பெரியவர்களின் கால்களுக்கு நடுவே இருந்து, யுத்த வகுப்பில் உட்கார்ந்தே இராத ஒரு சின்னப் பெண் கேட்டாள்: “தாத்தா, அந்த அக்காவ இங்கதான் பொதச்சாங்களா? எங்க கீறாங்க?”

போதகர் என்னைப் பார்த்தார். சாம்சனும் என்னைப் பார்த்தார். கோரஸில் பாட்டு எடுப்பவள் நான்தான். நான் முதல் அடியை எடுத்தால் எல்லாரும் சேர்ந்து பாடுவீர்கள், அந்தக் கேள்வி பாட்டுக்குள் அமுங்கிப்போகும். பாடுங்கள் என்று போதகர் கையைக் கூடத் தூக்கிக் காட்டினார். இத்தனை வருஷத்தில் அவர் காட்டி நான் பாட்டு எடுக்காமல் இருந்ததில்லை. பாட்டுப் புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

தாவீது ஐயா கோலைத் தூக்கி, சுற்றுச்சுவர் மூலையில் வேலிகாத்தான் முளைத்துக் கிடந்த இடத்தைக் காட்டினார். அங்கே கல் ஒன்றும் இல்லை. அந்தச் சின்னப் பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். இப்போது இன்டர், அதாவது பிளஸ் டூ, படிக்கும் ஷைலு கூட்டத்திலிருந்து விலகிப் பின்னால் போனாள். அப்புறம் மற்ற பிள்ளைகள், ஒவ்வொருவராக, அம்மாவின் கையை உதறிவிட்டு. உங்கள் பிள்ளைகள்தான். அந்த அக்கா பேர் என்ன, அவங்களுக்குப் பள்ளிக்கூடம் உண்டா, காய்ச்சல் வந்தபோது யார் பார்த்துக்கொண்டார்கள் என்று அவர்கள் கேட்டுக்கொண்டே போனது எங்கள் எல்லாருக்கும் கேட்டது. குழிக்கரையில் நாம் பெரியவர்கள் மட்டும் ஒரு பெட்டியோடு நின்றோம்.

மெர்சி டீச்சர் எனக்கு ஒன்றும் விட்டுப்போகவில்லை. அவருடைய பொறுமை எனக்கு வராது, அவருக்கும் அது இருந்ததில்லை. அவரிடமிருந்து நான் எடுத்துவைத்துக்கொண்டது ஒன்றே ஒன்று: ஒரு பிள்ளை கேள்வி கேட்கும்போது அதன்மேல் பாட்டு எடுக்காமல் இருப்பது. நண்பராக இருந்திருந்தால் அன்று அவருக்காக அழுது பாடியிருப்பேன். சண்டைக்காரியாக இருந்ததால் சும்மா நின்றேன். சாம்சன் அவர்களே, போதகரே, ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் வருவேன், பாட்டு நான்தான் எடுப்பேன். ஆனால் பிள்ளைகள் பேசி முடித்த பிறகுதான் எடுப்பேன்.